கோடிமேட்டின் மேலே நின்ற படகு

அந்தப் புயலுக்கு எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்து பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் எங்கள் யாருடைய நாக்கிலும் சரியாக உட்காரவில்லை. அதனால் கோடிமேட்டில் அதை வெறும் காற்று என்றே சொன்னோம். காற்றுக்கு முன்னால், காற்றுக்குப் பின்னால் என்றுதான் இன்றைக்கும் எங்கள் பேச்சு. விடியும்போது வந்த காற்று, வெயில் ஏறும்வரை ஊரை மென்று துப்பிவிட்டு, உப்பளங்களைத் தாண்டி மேற்கே போன பிறகு, நாங்கள் ஒண்டியிருந்த புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் கதவைத் திறந்து வெளியே வந்தோம். வீடுகள் இல்லை, வீடுகள் நின்ற வரிசை இல்லை, எந்தத் தெரு எங்கே இருந்தது என்று அடையாளம் சொல்ல ஒரு பூவரச மரம்கூட இல்லை. கரையில் ஏற்றிக் கட்டியிருந்த ஃபைபர் படகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, முட்டை ஓடு மாதிரி நொறுங்கிக் கிடந்தன. வைரக்கண்ணுவின் படகு மட்டும் ஒரு கீறல் இல்லாமல், இரண்டு பனைமர உயரத்தில், வானத்தில் நின்றுகொண்டிருந்தது.

அதைப் பார்த்து வாய் பிளக்க அன்றைக்கு எங்களுக்கு நேரம் இல்லை. தூக்கிப் போட வேண்டிய ஓடுகள் இருந்தன, ஓடுகளுக்கு அடியில் முனகிக்கொண்டிருந்த ஆட்கள் இருந்தார்கள், முனகல் நின்றுபோன ஆட்களும் இருந்தார்கள். தலைக்கு மேலே நங்கூரம் போட்டுக் காயலில் நிற்பது மாதிரி மெல்ல ஆடிக்கொண்டிருந்த படகை, நடந்துபோகிறவர்கள் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத் தங்கள் வேலைக்குப் போனார்கள். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் ஏகாம்பரம் மட்டும், அதிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த கயிற்றின் நுனியைப் பிடித்து, தலை முறிந்து நின்ற ஒரு மொட்டைப் பனையில் ஆட்டைக் கட்டுவது மாதிரி இறுக்கிக் கட்டிவிட்டு, தன் வீட்டு ஆட்களைத் தேடிப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்துப் படகின் விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. காற்று வருவதற்கு முன்னால் இஞ்சினைக் கழற்றிக் காப்பாற்றுகிறேன் என்று படகில் ஏறிய வைரக்கண்ணு, இஞ்சினோடு அங்கேயே இருந்தான்.

"ஏ சிந்தா! சிந்தா!" என்று கத்தினான்.

அவன் பெண்டாட்டி சிந்தாமணி, இடுப்புவரை சேறாக ஓடிவந்து பனைமரத்தடியில் நின்றாள்.

"நான் இருக்கேங்க! நீங்க எறங்கி வாங்க! சுகந்தி எங்க?"

மேலே தெரிந்த தலை விளிம்புக்குப் பின்னால் மறைந்து, திரும்ப வந்தது.

"கட்டடத்துல இல்லையா?"

"உங்களக் கூப்பிடத்தானே ஓடியாந்தா. அப்பா இன்னும் வரலையேன்னு உங்க மஞ்ச மழைக்கோட்ட மாட்டிக்கிட்டு, நான் புடிக்கப் புடிக்க ஓடினாளே!"

"பாக்கலையே, புள்ள" என்றான் வைரக்கண்ணு. "அந்தக் காத்துல ஒண்ணும் தெரியல."

சுகந்தி அவர்களுக்கு ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நர்சிங் படிக்க இடம் வாங்கியிருந்தாள். ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஏற்கெனவே நர்ஸ் ஆகிவிட்டவள் மாதிரி அதட்டுவாள்.

மத்தியானம் நாலு ஆள் சேர்ந்ததும் வைரக்கண்ணு இறங்கப் பார்த்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகுக்கு வெளியே வந்தான், பிடியைக் கொஞ்சம் தளர்த்தினான், சறுக்கிக் கீழே வரவேண்டியவன் தண்ணீருக்குள் அமுக்கிவிட்ட தக்கை மாதிரி மேலே போய்ப் படகின் அடியில் முட்டிக்கொண்டான். காற்று அவனுடைய எடையைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது, படகின் எடையையும்தான். ஊரே சேர்ந்து கரைவலை இழுப்பது மாதிரி ஏலேலோ போட்டு இழுத்தோம். படகு பாதி தூரம் இறங்கி வந்தது, மூச்சு வாங்கச் சற்று நின்றபோது முன்னால் நின்றவர்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போனது. மணல் மூட்டைகளைக் கட்டி மேலே அனுப்பினோம், அதையும் வாங்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. அதற்கு மேல் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சிந்தாமணி ஒரு தூக்குவாளியில் தண்ணீரும் இன்னொன்றில் கஞ்சியும் கட்டி அனுப்பினாள், அவன் மேலே இழுத்து எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு அனுப்புவது, கிணறு இறைப்பது மாதிரி, ஊரில் தினமும் நடக்கிற வேலைகளில் ஒன்றாகிப் போனது.

மேலே இருக்கிறவனுக்கு நம்மைவிடக் கண் அதிகம் தெரியும் என்பதை முதலில் யோசித்தவள் அமிர்தவள்ளி. அவளுடைய புருஷன் காற்றோடு காணாமல் போயிருந்தார். அவள் பனைமரத்தடியில் வந்து நின்று, "கொழுந்தனாரே, எங்க வூட்டு ஆளு எங்கயாச்சும் தெரியுறாரா, கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரனிடம் தீப்பெட்டி கேட்பது மாதிரி. வைரக்கண்ணு எழுந்து நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துச் சுற்றிலும் பார்த்தான். பிறகு உப்பளத்துப் பம்ப் கொட்டகைப் பக்கம் விரலை நீட்டினான். "அண்ணி, நீங்க போவாதீங்க. ஆம்பளைங்கள அனுப்புங்க" என்றான். ஆம்பளைகள் போய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொருத்தராக வந்து நின்றார்கள். அண்ணே, எங்க அப்பாரு. மாமா, எங்க சின்னவன். அவன் பார்த்துப் பார்த்துச் சொன்னான், அவன் விரல் நீட்டிய திசையெல்லாம் நாங்கள் போர்வையும் மூங்கிலும் எடுத்துக்கொண்டு போனோம். முள்ளுக்காட்டில் கிடந்தவர்கள், உடைந்த மதகில் சிக்கியவர்கள், பக்கத்து ஊர் எல்லையில் ஒதுங்கியவர்கள் எல்லோரும் அவன் வாக்கில் ஊர் வந்து சேர்ந்தார்கள். கோடிமேட்டில் அடையாளம் தெரியாமல் புதைத்த பிணம் ஒன்றுகூட இல்லை என்று வெளியூரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற அளவுக்கு நாங்கள் போயிருந்தோம்.

சிந்தாமணியும் தினமும் காலையில் கேட்டாள். "நம்ம புள்ள தெரியுதாங்க?"

"தெரியல. ஆனா மேக்கால கல்யாண மண்டபத்துல முகாம் போட்டிருக்காங்க, நெறைய பொம்பளப் புள்ளைங்க நிக்கிறது தெரியுது. அங்க போய்ப் பாரு."

அவள் சுகந்தியின் பள்ளிக்கூட போட்டோவை முந்தானையில் முடிந்துகொண்டு மேற்கே நடந்தாள். அடுத்த நாள் வடக்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு, அதற்கடுத்த நாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சர்ச்சுக்கு. போன இடத்திலெல்லாம் பெண்கள் போட்டோவை வாங்கிப் பார்த்து, திருப்பிக் கொடுத்து, உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். பொழுது சாய அவள் திரும்பி வரும்போது, வெகு தூரத்திலேயே அவளைப் பார்த்துவிடுகிற வைரக்கண்ணு படகின் நடுவில் குனிந்து படுத்துக்கொள்வான்.

நிவாரணம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். லாரிகள் மெயின் ரோட்டில் வரும். ரோட்டோரத்து ஊர்க்காரர்கள் பட்டினியில் நிற்கிறவர்கள்தான், அவர்கள் குடத்தோடும் கட்டையோடும் குறுக்கே நின்று மறிப்பார்கள், கோடிமேடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்ததால் எங்களுக்குச் செய்தி வருவதற்குள் லாரியில் தரைதான் மிச்சம் இருக்கும். வைரக்கண்ணு மேலே போன பிறகு அது மாறியது. "லாரி! பாலத்துக்கிட்ட லாரி வருது, ஓடுங்கடா!" என்று அவன் கத்துவான். நாங்கள் உப்பளத்து வரப்பில் குறுக்கே ஓடிப் போய், லாரி வருவதற்கு முன்னால் சேர்ந்துவிடுவோம். அப்படித்தான் எங்களுக்கு அரிசி கிடைத்தது, மெழுகுவத்தி கிடைத்தது, ஒரு தடவை ஒரு லாரி நிறைய குளிர்நாட்டுக் கோட்டுகள் கிடைத்தன. நிழலுக்கு ஓலைகூட இல்லாத எங்கள் வெயிலில், எங்கள் கிழவர்கள் அந்தக் கோட்டுகளை விரித்து அதன் மேல் படுத்துக்கொண்டார்கள்.

டவுனிலிருந்து ஜெசிந்தா என்கிற பேப்பர்காரப் பெண் ஸ்கூட்டரில் வந்தாள். புயல் சேதத்தை எழுத ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவள், எங்கள் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு, ரொம்ப நேரம் படகைப் பார்த்தாள். பிறகு கீழே இறங்கி முதலில் கேட்டது, "குடிக்கத் தண்ணி எங்கேருந்து எடுக்கிறீங்க?" என்பதுதான். அதனால் எங்களுக்கு அவளைப் பிடித்துப்போனது.

செல்போன் டவர் வேலை செய்ய ஆரம்பித்ததும் அவள் தன்னிடம் இருந்த ஒரு பட்டன் போனைத் தூக்குவாளியில் போட்டு மேலே அனுப்பினாள். வைரக்கண்ணு தினமும் மேலிருந்து பார்த்ததை அவளுக்குச் சொன்னான். வடக்கே மூன்று குப்பங்களுக்கு இன்னும் யாருமே வரவில்லை, உடைந்த இறால் பண்ணைகளின் தண்ணீர் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, அரசாங்கம் அனுப்பிய தார்ப்பாய்கள் ஒரு குடோன் வாசலில் கட்டுப் பிரிக்காமல் மழையில் நனைகின்றன. அவள் அதையெல்லாம் அவன் பேச்சிலேயே எழுதினாள், பேப்பரில் வந்தது. இரண்டு குப்பங்களுக்கு ஆட்கள் போனார்கள், குடோன் வாசலைப் பூட்டி, மேலிருந்து தெரியாதபடி மறைப்பு கட்டினார்கள். எங்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக, நாங்கள் சொன்னதை யாரோ எங்கேயோ படிக்கிறார்கள் என்று தோன்றியது.

ஆனால் அவளுடைய ஆபீஸ் அவளிடம் கேட்டது படகின் போட்டோவைத்தான். அந்தப் போட்டோ வந்த பிறகு வேன்கள் வந்தன, குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள், பஞ்சு மிட்டாய்க்காரன் வந்தான், டிவிக்காரர்கள் கேமராவை மல்லாத்தி வைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் அண்ணாந்தபடியே நடந்தார்கள். நனைந்த அரிசியை நாங்கள் சாக்கு விரித்துக் காயப்போட்டிருந்தோம், அதன் மேல் ஏறி நடந்தார்கள். "கொஞ்சம் கீழ பாத்து நடங்க சாமி" என்று அமிர்தவள்ளி கெஞ்சிக்கொண்டே பின்னால் போனாள். அதிகாரிகளும் வந்தார்கள், குட்டி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார்கள், அது வைரக்கண்ணுவை ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கியது.

"படகு நல்லா இருக்கேம்மா. சேதம்னு எப்படி எழுதறது?" என்றார் ஒரு அதிகாரி சிந்தாமணியிடம். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "அவரும் உயிரோட இருக்காரு. பேசறாரு. கீழ வந்ததும் எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

கொஞ்ச நாளில் வேறு ஏதோ ஊரில் வேறு ஏதோ நடந்தது, வேன்கள் நின்றன. வைரக்கண்ணு சொன்னதை ஜெசிந்தா எழுதிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பேப்பரில் அதற்கு இடம் சுருங்கிச் சுருங்கி, ஒரு நாள் இல்லாமல் போனது. அதற்குப் பிறகும் அவள் வந்தாள், ஸ்கூட்டரில் பிஸ்கட்டும் மாத்திரையும் கட்டிக்கொண்டு.

படகு உயரத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். பார்த்தால் தெரியாது, ஆனால் காலையில் தொய்வாக இருந்த கயிறு பொழுது சாய்வதற்குள் விறைத்து ரீங்காரமிடும், மொட்டைப் பனை ஆடும், அதன் வேரடியில் மண் விரிசல் விடும். உடனே கயிற்றை நீட்டிக் கட்டியாக வேண்டும். கோடிமேட்டில் கயிறு என்றால் வலைக் கயிறுதான். சேற்றிலிருந்து பிடுங்கி, முள்ளிலிருந்து பிரித்து, காய வைத்து, இனி கடலுக்குப் போனால் இதை வைத்துத்தான் போகவேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சுருட்டி வைத்திருந்த கயிறு. முதலில் யாரும் யோசிக்கவில்லை, ஆளுக்கு ஒரு சுருள் கொண்டுவந்து போட்டார்கள். அவன் எங்கள் செத்தவர்களையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்தவன், எங்களுக்குச் சோறு வருகிற திசையைச் சொன்னவன். ஆனால் படகு நிற்கவில்லை. இன்னும் ஒரு சுருள், இன்னும் ஒரு சுருள் என்று கேட்டுக்கொண்டே போனது. நொறுங்கிய படகுகளில் தேறியதை ஒட்டுப்போட்டு, இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, நாங்கள் கடலுக்கு இறங்கத் தயாரானபோது எங்களிடம் வலை இருந்தது, வலைக்குக் கயிறு இல்லை. கயிறெல்லாம் வானத்துக்குப் போயிருந்தது.

ஏகாம்பரம் சிந்தாமணியிடம் வந்தார். மணலில் உட்கார்ந்து, விரலால் கோடு கிழித்தார்.

"சொல்லுங்க மாமா" என்றாள் அவள்.

"லாரி வரத்து நின்னுபோச்சு, புள்ள. இனிமே கடலுதான். கடலுக்குப் போவணும்னா கயிறு வேணும்."

"அவர அவுத்து வுடச் சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லுவனா?" என்று சொல்லிவிட்டு, ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம் புள்ளயத் தேடிக் குடுக்காம அவர எங்கயும் போவ வுடமாட்டேன். எல்லாரு புள்ளயும் அவரு கண்ணுக்குத் தெரிஞ்சுதுல்ல? எம் புள்ளயும் தெரியட்டும்."

அப்படிச் சொன்ன பிறகுதான், தன் பிள்ளை மட்டும் அவன் கண்ணுக்கு எப்படித் தப்பியது என்ற கேள்வி அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். எழுந்து போய்ப் பனைமரத்தடியில் நின்று, அன்று முழுக்க எந்த முகாமுக்கும் போகாமல், வெறுமனே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு உயரத்தில் அவன் ஒரு காக்கை அளவுக்குத்தான் தெரிந்தான். அவன் எழுந்தான், உட்கார்ந்தான், கிழக்கே பார்த்தான், வடக்கே பார்த்தான், மேற்கே பார்த்தான். தெற்கே திரும்பவே இல்லை. காற்றுக்குப் பிறகு அவன் எப்போதுமே தெற்குக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறான் என்பது எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. பண்ணைகளைப் பற்றிச் சொன்னபோதுகூட ஒரு தடவை தலையைத் திருப்பிவிட்டு உடனே திரும்பிக்கொண்டவன் அவன். தெற்கே, உடைந்த இறால் பண்ணைக்கு அப்பால், மரங்கள் குப்புறக் கவிழ்ந்து ஆள் நுழைய முடியாமல் கிடந்த அலையாத்திக் காடு இருந்தது.

அவள் அமிர்தவள்ளியின் போனை வாங்கி அவனைக் கூப்பிட்டாள். நல்ல உச்சி வெயில். நாங்கள் தள்ளி நின்றோம், ஆனாலும் கேட்டது. அந்த போனில் எதிராளி பேசுவது எட்டூருக்குக் கேட்கும்.

"தெக்கால திரும்புங்க" என்றாள் சிந்தாமணி.

மேலே அவன் இன்னும் கொஞ்சம் வடக்கே திரும்பி உட்கார்ந்தான்.

"திரும்பிப் பாத்துச் சொல்லுங்க. என்ன தெரியுது?"

"வெளிச்சத்துல கண்ணு கூசுது, புள்ள."

"ஏங்க. மஞ்சளா எதாவது தெரியுதா?"

அவன் அழுததும், அழுதுகொண்டே சொன்னதும் போனில் கேட்டது. பெரிய ஆம்பளை ஒருத்தன் அப்படி அழுது நாங்கள் கேட்டதில்லை. காற்று வந்த காலையில், படகு தரையை விட்டுக் கிளம்பிய நேரத்தில், மஞ்சள் கோட்டு மாட்டிய பெண் ஒருத்தி, அப்பா, அப்பா என்று கத்திக்கொண்டு கரையில் ஓடிவந்ததை அவன் பார்த்திருந்தான். படகிலிருந்து தொங்கிய கயிற்றை அவள் எட்டிப் பிடித்ததையும், கொஞ்ச தூரம் அவளையும் அது தூக்கியதையும், பிறகு அவள் கை விட்டதையும், கீழே அந்த இடத்தில் கரை இல்லாமல் தண்ணீர் வந்திருந்ததையும் பார்த்திருந்தான். தண்ணீர் வடிந்த பிறகு, கவிழ்ந்த மரங்களின் வேர்களுக்கு நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி முதல் நாளிலிருந்தே அவனுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

"இத்தன நாளும் என்ன நடக்க வுட்டீங்களே" என்றாள் சிந்தாமணி. "ஊரு ஊரா, போட்டோவ வச்சிக்கிட்டு."

"நீ நடக்குற வரைக்கும் அவ இருந்தா, புள்ள."

அவள் போனை அணைத்து அமிர்தவள்ளியிடம் கொடுத்தாள். பிறகு ஏகாம்பரத்திடம் போய், "மாமா, அருவாளும் நாலு ஆளும் வேணும்" என்றாள்.

ஆம்பளைகள் மரங்களை வெட்டி வெட்டி வழி செய்துகொண்டு உள்ளே போனார்கள். எல்லாப் பெண்களையும் வெளியே நிற்கச் சொல்கிறவர்கள் அன்றைக்கு அவளிடம் அதைச் சொல்லவில்லை, அவளும் கூடவே போனாள். அங்கே கிடைத்ததைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. கோட்டோடு அப்படியே சுருட்டி எடுத்து வந்தார்கள், கோட்டோடு அப்படியே மணல்மேட்டில் புதைத்தார்கள். புதைக்கும்போது நிமிர்ந்து பார்த்தோம். வைரக்கண்ணு படகின் விளிம்பில் நின்றுகொண்டு, எங்களோடு சேர்ந்து மண் போடுவது மாதிரி, வெறுங்கையை வீசிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு சிந்தாமணி அவனுக்குச் சாப்பாடு அனுப்பவில்லை. அமிர்தவள்ளிதான் அனுப்பினாள். சிந்தாமணியை யாரும் எதுவும் கேட்கவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது, அவள் அவனைப் பற்றிக் கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. படகு உயர்ந்துகொண்டே போனது. கயிற்றுக்கு நாங்கள் தாலுகா ஆபீஸில் கேட்டோம், அவர்கள் வலை நிவாரணம் வரும்போது சேர்த்து வரும் என்றார்கள். ஒரு நாள் பனைமரத்தின் ஒரு பக்கத்து வேர் அறுந்து மண்ணுக்கு மேலே வந்துவிட்டது. அன்றைக்கு அவனே போன் செய்தான். அமிர்தவள்ளி ஓடிப்போய் போனை சிந்தாமணியின் காதில் வைத்துவிட்டு, அழுதுகொண்டே விலகி நின்றாள்.

"அவுத்து வுட்டுடு, புள்ள" என்றான் அவன். "பசங்க கயிறு இல்லாம கரையில உக்காந்திருக்கறது இங்கேருந்து தெரியுது."

"அவுத்து வுட்டா எங்க போவீங்க?"

"தெரியல."

"சோத்துக்கு?"

"எந்தப் பக்கம் திரும்பினாலும் அவ கெடந்த எடந்தான் கண்ணுல வருது. இன்னும் ஒசரத்துக்குப் போனா தெரியாதுல்ல. கடலும் தரையும் ஒண்ணாத்தானே தெரியும்" என்றான்.

சிந்தாமணி வெகுநேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மேலே அடிக்கிற காற்றின் இரைச்சல் மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அண்ணி அனுப்பிச்சாங்க."

"இருங்க. நான் அனுப்பறேன்."

அன்றைக்கு அவள் கடன் வாங்கிய நெத்திலியில் குழம்பு வைத்தாள், சோறு வடித்தாள், தூக்குவாளியில் கட்டி அனுப்பினாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் பனைமரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பிறகு மேலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. கழுவிய தூக்குவாளி வந்தது, அதில் போன் இருந்தது. வெயிலுக்கு நாங்கள் அனுப்பியிருந்த தார்ப்பாய் வந்தது. மணல் மூட்டைகளின் காலிச் சாக்குகள் மடித்து வந்தன. கடைசியாக, அவன் எதற்காகப் படகில் ஏறினானோ அந்த இஞ்சின், கயிற்றில் கட்டி, மெல்ல மெல்ல, எங்கேயும் இடிக்காமல் இறங்கி வந்தது. கோடிமேட்டில் உருப்படியாக ஓடுகிற இஞ்சின் அது ஒன்றுதான். ஏகாம்பரம் அதைக் கையில் வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் அவன் கயிற்றைத் தன் பக்கத்தில் அவிழ்த்துக் கீழே விடுவதாகச் சைகை செய்தான். அப்போதுதான் எங்களுக்கு முழுக் கயிறும் கிடைக்கும், கீழே அவிழ்த்தால் அவனோடு போய்விடும். அதையும் யோசித்து வைத்திருந்தான். சிந்தாமணி பனைமரத்துப் பக்கம் போய்க் கயிற்றைத் தொட்டுப் பிடித்துக்கொண்டாள். விறைத்து அதிர்ந்துகொண்டிருந்த கயிறு, சட்டென்று அவள் கையில் தளர்ந்தது. அவ்வளவுதான். மேலேயிருந்து அத்தனை வீட்டுக் கயிறும், முடிச்சு முடிச்சாக, வளைந்து வளைந்து, எங்கள் மேலும் மணல் மேலும் வந்து விழுந்தது. படகு கிழக்கே சாய்ந்து, கடலுக்கு மேலே, ஒரு புள்ளியாகி, பிறகு இல்லாமல் போனது.

அன்றைக்கு மாத்திரை கொண்டுவந்திருந்த ஜெசிந்தா சிந்தாமணியின் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் எப்போதும் இருக்கிற போனை அன்று பைக்குள் போட்டிருந்தாள்.

"அக்கா, நான் இதை எழுதலை" என்றாள்.

"எழுது தங்கச்சி. எழுதாட்டி அவரு இருந்ததே இல்லம்பாங்க."

இளைஞர்கள் கயிற்று முடிச்சுகளை அவிழ்த்து, இது உங்களது, இது எங்களது என்று பிரிக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில்தான் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து லாரி ஹாரன் கேட்டது. வெகு நாளைக்குப் பிறகு வந்த லாரி. பழக்கத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அப்புறம் எல்லோரும் ஓடினோம். உப்பளத்து வரப்பில் விழுந்து எழுந்து ஓடினோம், சிந்தாமணியும் அலுமினியக் குண்டானை எடுத்துக்கொண்டு எங்களோடு ஓடினாள், ஏனென்றால் இருந்த கடைசி அரிசியை அன்று காலையில் அவள் வடித்திருந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லாரியின் பின்கதவு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சிந்திய அரிசியை ஒரு ஆள் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர்களில் முன்னால் நின்றவள் சிந்தாமணிதான் என்பதால் அவன் அவளைப் பார்த்துத்தான் பேசினான்.

"இப்ப வந்து நிக்கிறீங்களேம்மா. முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

"சொல்ல ஆளு இல்லீங்க" என்றாள் சிந்தாமணி.

அவன் கூட்டிச் சேர்த்த அரிசியை மண்ணோடு அள்ளி அவள் குண்டானில் போட்டான்.